‘தயார்’ என்று ஒரு கடிதம்: டிஎஸ்பி வங்கியின் 2018 கணினி மாற்றம்

2018 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி தன் இணைய, மொபைல் சேவைகளை வார இறுதிக்காக நிறுத்தியது. 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை அது. ஞாயிறு மாலை சேவை மறுபடி திறந்தது. திறந்த கையோடு புகார்களும் வர ஆரம்பித்தன. பலரால் தங்கள் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை. நுழைந்தவர்களில் சிலருக்கு வேறு யாருடைய கணக்கோ திரையில் தெரிந்தது. திங்கட்கிழமை கிளைகளுக்குப் போனவர்களுக்கும் உதவி கிடைக்கவில்லை, ஏனென்றால் கிளை ஊழியர்களும் அதே அமைப்பைத்தான் நம்பியிருந்தார்கள். தொலைபேசி சேவையும் திணறியது. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கை இணையத்தில் பார்க்க முடியாமல் வெளியே நின்றார்கள். இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்தி மோசடிக்காரர்கள் வேறு புகுந்தார்கள்.

நிலைமை முழுமையாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் வரை ஆனது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் அடிக்கடி விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது. யாருடைய கணக்கும் அழியவில்லை. உடைந்தது, அந்தத் தரவைத் தாங்கி நின்று சேவை தரவேண்டிய தளம். மைக்ரேஷன், அதாவது கணினி அமைப்பை மாற்றும் திட்டங்களில் தரவு போய்ச் சேருமா என்ற பயம்தான் எல்லோருக்கும் முதலில் வரும், அதற்குத்தான் ஒத்திகை மேல் ஒத்திகை நடக்கும். போய்ச் சேர்ந்த பிறகு திங்கட்கிழமைக் கூட்டத்தைத் தளம் தாங்குமா என்ற கேள்வி பின்னால் தள்ளப்பட்டுவிடும். டிஎஸ்பியில் நடந்தது இதுதான். ஆனால் அது ஏன் நடந்தது என்பதற்கான விடை தொழில்நுட்பத்தில் கொஞ்சமும், வேலையை வெளியே கொடுக்கும் அவுட்சோர்சிங் ஏற்பாட்டில் பெருமளவும் இருக்கிறது.

பின்னணி

2008 நிதி நெருக்கடியில் லாய்ட்ஸ் வங்கிக் குழுமத்தை பிரிட்டன் அரசு காப்பாற்றியது. அரசு உதவி வாங்கியதற்கு ஈடாக வணிகத்தின் ஒரு பகுதியைப் பிரித்து விற்கவேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் நிபந்தனை போட்டது. அப்படிப் பிரிக்கப்பட்டதுதான் 2013இல் தனியாக வந்த டிஎஸ்பி. 2014இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2015இல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி சுமார் 170 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.

பெயர்தான் தனி, கணினி அமைப்பு லாய்ட்ஸுடையது. டிஎஸ்பி அதற்குக் கட்டணம் கட்டிக்கொண்டு வாடகைக்கு இருந்தது. வெளியேறும் செலவுக்காக லாய்ட்ஸ் 45 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டிருந்தது. சபாடெலிடம் சொந்தமாக ‘புரோடியோ’ என்ற வங்கித் தளம் இருந்தது. ஸ்பெயினில் வாங்கிய வங்கிகளை எல்லாம் அந்தத் தளத்துக்குக் கொண்டுவந்த அனுபவமும் இருந்தது. ஆகவே திட்டம் எளிதாகத் தெரிந்தது: புரோடியோவை பிரிட்டனுக்கு ஏற்றபடி மாற்றி, டிஎஸ்பியை அதற்குக் கொண்டுவந்து, லாய்ட்ஸுக்குக் கட்டும் பணத்தை மிச்சப்படுத்துவது. வேலையைச் செய்யப்போவது சபிஸ், அதாவது சபாடெலின் சொந்தத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம். தளத்தைக் கட்டுவதும் அவர்கள், கட்டிய பிறகு நடத்துவதும் அவர்கள்.

வெண்டர் முதலில், கேள்விகள் பின்னால்

வெளி நிறுவனம் ஒன்றுக்கு இவ்வளவு பெரிய வேலையைத் தருவதாக இருந்தால் டெண்டர் விடுவார்கள், பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், ஆட்கள் போதுமா என்று பார்ப்பார்கள். இங்கே வெண்டர், அதாவது வேலையை எடுத்துச் செய்பவர், தாய் நிறுவனத்தின் கிளை. வங்கியை வாங்கியபோதே வெண்டரும் முடிவாகிவிட்டது. சொந்தக்காரரிடம் வீடு கட்டக் கொடுத்தது போலத்தான்: சுவர் கோணலாக இருந்தாலும் நறுக்கென்று கேட்க வாய் வராது, ஆளை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை.

சபிஸ் திறமையற்ற நிறுவனம் என்று சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த வேலை வேறு, இங்கே கேட்கப்பட்ட வேலை வேறு. ஸ்பெயினில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளத்துக்கு இன்னொரு வங்கியை இழுத்துவருவது ஒரு வேலை. இன்னொரு நாட்டின் பணப் பரிமாற்ற முறைகளுக்கும் விதிகளுக்கும் ஏற்றபடி தளத்தையே புதிதாகக் கட்டி, அதை நடத்தவும் செய்வது முற்றிலும் வேறு வேலை. அதிலும் சபிஸ் தனியாகச் செய்யவில்லை. அதற்குக் கீழே 85 நிறுவனங்கள் இருந்தன. டிஎஸ்பியின் கணக்கில் சபிஸ் மூன்றாம் தரப்பு, இந்த 85 பேர் நான்காம் தரப்பு. பிரிட்டனில் இத்தனை துணை ஒப்பந்தக்காரர்களை ஒருங்கிணைத்து சேவை தந்த அனுபவம் சபிஸுக்கு இல்லை என்பதை வங்கி போதுமான அளவு எடைபோடவில்லை என்று ஒழுங்குமுறை அமைப்புகள் பின்னாளில் சுட்டிக்காட்டின.

என் பார்வையில் இந்த நிகழ்வின் முதல் பெரிய பாடம் இங்கேதான். வெண்டரால் மென்பொருள் எழுத முடியுமா என்று எல்லோரும் சோதிப்பார்கள். தனக்குக் கீழே உள்ளவர்களை வேலை வாங்க முடியுமா என்று சோதிப்பவர்கள் குறைவு. அது தனித் திறமை, அதைப் பழைய திட்டங்களின் பெயர்ப்பட்டியலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நடைமுறையில் கேட்கவேண்டியது ரொம்ப சாதாரணமான விஷயங்கள்: துணை ஒப்பந்தக்காரர் ஒருவர் தாமதித்தால் அது உங்களுக்கு எத்தனை நாளில் தெரியவரும்? நம் ஒப்பந்தத்தில் இருக்கும் சேவைத் தரமும் தணிக்கை உரிமையும் அவர்களுடைய ஒப்பந்தத்திலும் இருக்கிறதா? இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் யார் யாரைக் கூப்பிடுவார்கள், அந்த எண் வேலை செய்கிறதா?

தேதி பிறந்த விதம்

முதலில் குறித்த நாள் 2017 நவம்பர். வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கூட்டி வந்த தேதி அல்ல அது. முடிவுத் தேதியை முதலில் வைத்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வேலைகளை அடுக்கினார்கள். இயக்குநர் குழு அமர்த்திய ஸ்லாட்டர் அண்ட் மே சட்ட நிறுவனம் 2019 நவம்பரில் வெளியான தன் அறிக்கையில் இதை விரிவாகக் குறை சொல்கிறது. (அறிக்கையின் சில முடிவுகளை டிஎஸ்பி ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.)

2017 செப்டம்பரில், நவம்பர் நடக்காது என்று தெரிந்துவிட்டது. சரி, தள்ளிவைப்பது நல்ல முடிவுதான். ஆனால் புதிய திட்டம் போட்டு முடிப்பதற்கு முன்பே, 2018இன் முதல் காலாண்டில் மாறிவிடுவோம் என்று வெளியே அறிவித்தார்கள். அப்புறம் என்ன, மறுதிட்டமும் அந்தத் தேதிக்குள் அடங்கவேண்டியதாயிற்று. ஒன்றன்பின் ஒன்றாக நடக்கவேண்டிய சோதனைகள் ஒரே நேரத்தில் நடந்தன. முதல் திட்டம் ஏன் தவறியது, சபிஸ் ஏன் சொன்ன நேரத்தில் தரவில்லை, அந்தக் காரணங்கள் இப்போது நீங்கிவிட்டனவா என்ற கேள்விகள் போதுமான அழுத்தத்துடன் எழவில்லை. சபிஸின் திறனை முறைப்படி மறுமதிப்பீடு செய்யும் வேலையும் நடக்கவில்லை.

தேதி தவறுவது வெண்டரைப் பற்றிக் கிடைக்கும் மிக மலிவான தகவல். அதற்குப் பணம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, தகவலையாவது எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான திட்டங்களில் தாமதம் என்றதும் புதிய தேதி என்ன என்றுதான் முதல் கேள்வி வருகிறது.

ஒரே வார இறுதி, ஒரே டேட்டா சென்டர்

மாற்றத்தைப் படிப்படியாகச் செய்யலாம், ஒரே மூச்சிலும் செய்யலாம். டிஎஸ்பி சில சேவைகளை முன்கூட்டியே மாற்றிப் பார்த்தது, தன் ஊழியர்களின் கணக்குகளை வைத்துப் புதிய தளத்தை ஓட்டியும் பார்த்தது. ஆனால் பெரும்பகுதி வாடிக்கையாளர்கள் ஒரே வார இறுதியில் போனார்கள். ஊழியர் சோதனையில் எல்லாம் நன்றாகவே ஓடியிருக்கலாம். சில ஆயிரம் பேர் நுழைவதற்கும் பல லட்சம் பேர் ஒரே காலையில் நுழைவதற்கும் தளத்துக்குள் நடப்பது வேறு வேறு. ஒரே மூச்சில் போவதன் சிக்கல் இன்னொன்றும் உண்டு. புதிய தளத்தில் வாடிக்கையாளர்கள் பணம் போடவும் எடுக்கவும் தொடங்கிவிட்டால் பழைய தளத்தில் இருப்பது பழங்கணக்கு. அதன்பின் திரும்பிப் போவது என்பது பெரும்பாலும் ஏட்டில் மட்டுமே இருக்கும் வழி.

இனி வருவது இந்த ஆய்வில் எனக்கு மிகவும் உறுத்திய பகுதி. புதிய தளம் இரண்டு டேட்டா சென்டர்களில் (சர்வர்கள் வைக்கப்பட்ட மையங்களில்) ஓடியது. ஒன்று வேலை செய்ய, மற்றொன்று காத்திருக்கும் வகை அல்ல. இரண்டும் ஒரே நேரத்தில் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் ஏற்பாடு. சுமை தாங்கும் திறனைப் பார்க்கும் சோதனைகள் ஒன்றில் மட்டுமே நடத்தப்பட்டன. இரண்டும் ஒரே மாதிரி அமைக்கப்பட்டிருப்பதால் ஒன்றில் தேறினால் மற்றதிலும் தேறும் என்ற அனுமானம். உண்மையில் இரண்டின் அமைப்புகளும் ஒரே மாதிரி இல்லை. அந்த வேறுபாடு வாடிக்கையாளர்கள் வந்த பிறகுதான் வெளிப்பட்டது.

அனுமானம் முட்டாள்தனமானதல்ல. நேரம் நெருக்கும்போது எந்தப் பொறியாளரும் அப்படித்தான் யோசிப்பார். தவறு வேறு இடத்தில்: இரண்டில் ஒன்றுதான் சோதிக்கப்பட்டது என்ற செய்தி, கோ-லைவ் (தளத்தை வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிடுவது) பற்றி முடிவெடுக்கும் மேசைக்கு அதற்குரிய கனத்துடன் போய்ச் சேரவில்லை. வெண்டரின் சோதனைக் குழுவில் எடுக்கப்படும் ஒரு சிறிய சமரசம், அங்கிருந்து வெண்டரின் மேலாளருக்கும், அவரிடமிருந்து வங்கியின் திட்ட அலுவலகத்துக்கும், பிறகு குழுக் கூட்டத்துக்கும் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நிறம் மாறும். கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள், மேலே பச்சை. எல்லோரும் நேர்மையாக இருந்தாலும் இது நடக்கும்.

அந்தக் கடிதம்

கோ-லைவுக்கு முன், தளம் தயார் என்று சபிஸிடம் எழுத்துமூலம் உறுதி கேட்டது டிஎஸ்பி. கேட்டது சரி. கிடைத்த கடிதம்தான் சிக்கல். இன்னின்ன சோதனை முடிந்தது, இன்ன முடிவு வந்தது என்று நடந்ததைச் சொல்வதற்குப் பதிலாக, அந்த நாளுக்குள் தயாராகிவிடுவோம் என்ற எதிர்பார்ப்பைப் பெருமளவில் சொன்னது அது. கீழே இருந்த நிறுவனங்கள் சபிஸுக்குக் கொடுத்த உறுதிகளையும் அது சார்ந்திருந்தது. அவை எவ்வளவு உறுதியானவை என்று வங்கி தோண்டிப் பார்க்கவில்லை. ஸ்லாட்டர் அண்ட் மே அறிக்கை இந்தக் கடிதத்தை ஏறக்குறைய நல்லெண்ண அறிவிப்பாகவே பார்க்கிறது.

சேவை முடங்கிய பிறகு உதவிக்கு அழைக்கப்பட்ட ஐபிஎம், ஏப்ரல் மாத முடிவிலேயே முதற்கட்ட மதிப்பீடு ஒன்றைத் தந்தது. நாடாளுமன்றத்தின் நிதிக் குழு ஜூனில் அதை வெளியிட்டது. தளம் உண்மையான பயன்பாட்டுக்குத் தயார் என்று நிரூபிக்கும் கறாரான கோ-லைவ் அளவுகோல்கள் பயன்படுத்தப்பட்டதற்கான சான்றைத் தாங்கள் காணவில்லை என்றது அது. சில நாட்களில் வெளியாள் ஒருவரால் எழுப்ப முடிந்த கேள்வி இது. முன்கூட்டியே ஒரு வெளியாளை அழைத்திருந்தால் என்ற எண்ணம் வராமல் இருக்காது.

அப்படியானால் கடிதத்தில் என்ன இருக்கவேண்டும்? எந்தச் சோதனை, எந்தச் சூழலில், எத்தனை பயனர் சுமையில், எந்த நாளில், யார் முன்னிலையில் நடந்தது, முடிவு என்ன, மூடப்படாத குறைகள் எவை, சோதிக்கப்படாமல் விடப்பட்டவை எவை. கடைசி வரிதான் முக்கியம். ‘சோதிக்காதவை’ என்ற தலைப்பில் ஒரு பத்தி எழுதியே ஆகவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போட்டுவிட்டால், இரண்டாவது டேட்டா சென்டர் அந்தப் பத்தியில் வந்து நின்றிருக்கும். இதைப் படித்துப் புரிந்துகொள்ள வாடிக்கையாளர் நிறுவனத்துக்குள்ளேயே பொறியாளர்கள் இருக்கவேண்டும் என்பது வேறு விஷயம். எல்லாவற்றையும் வெளியே கொடுத்துவிட்டு, வருவதைச் சரிபார்க்கும் அறிவையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடும் நிறுவனங்கள் உண்டு.

விலை

2018இல் மட்டும் இந்தத் தோல்வியால் டிஎஸ்பிக்கு ஏற்பட்ட செலவு சுமார் 33 கோடி பவுண்டு. ஏறத்தாழ 80,000 வாடிக்கையாளர்கள் வேறு வங்கிக்குப் போனார்கள். தலைமைச் செயல் அதிகாரி பால் பெஸ்டர் செப்டம்பரில் விலகினார். 2019 ஏப்ரல் வரை வந்த புகார்கள் 2,25,492; வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த நிவாரணம் 3.27 கோடி பவுண்டு. 2022 டிசம்பரில் நிதி நடத்தை ஆணையம் 2.975 கோடி பவுண்டும், இங்கிலாந்து வங்கியின் கண்காணிப்புப் பிரிவு 1.89 கோடி பவுண்டும் அபராதம் போட்டன. 2023 ஏப்ரலில் அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரி கார்லோஸ் ஆபர்காவுக்கும் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் வந்தது. சபிஸின் திறனை முறையாக மறுமதிப்பீடு செய்ய வைக்கவில்லை, அதன் தயார்நிலைக்குப் போதிய உறுதியைப் பெறவில்லை என்பவை அவர்மீதான குறைகள். அபராதம் வங்கிமீதும் வங்கியின் அதிகாரிமீதும்தான். வேலை வெளியே போனாலும் பொறுப்பு போகாது என்று எல்லாப் பாடநூலிலும் எழுதியிருக்கும். இங்கே அதற்கு ரசீதே இருக்கிறது.

வழக்குப் போட்டால் ஆகாதா?

இந்த இடத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: ஒப்பந்தம் கெட்டியாக இருந்தால் போதும், வெண்டர் சொதப்பினால் நீதிமன்றம் இருக்கிறது. அதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைப் பார்க்கலாம். சுகாதாரத் துறை ஊழியர்களின் சம்பள மென்பொருளை ஐபிஎம் தலைமை ஒப்பந்தக்காரராக இருந்து 2010 மார்ச்சில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து சம்பளம் பலருக்குக் குறைவாக வந்தது, பலருக்குக் கூடுதலாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை. தொடக்க விலை 61.9 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அமைப்பைச் சரிக்கட்டி ஓட்டும் செலவையும் சேர்த்து மொத்தம் 120 கோடி டாலராகும் என்று மதிப்பிட்டார்கள். 2013இல் விசாரணை ஆணையம் அறிக்கை தந்தது. மாநிலம் வழக்குத் தொடுத்தது. ஆனால் 2010இலேயே, எப்படியாவது சம்பளம் போனால் போதும் என்ற நெருக்கடியில், பழைய கோரிக்கைகளைக் கைவிடும் உடன்பாடு ஒன்றில் மாநிலம் கையெழுத்திட்டிருந்தது. 2015இல் நீதிமன்றம் அந்த உடன்பாட்டை வைத்து ஐபிஎம் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்குச் செலவும் மாநிலத்தின் தலையில்.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. தளம் உடைந்து கிடக்கும்போது அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் வெண்டர் ஒருவர்தான். அந்த நேரத்தில் அவரோடு சண்டை போட யாருக்கும் தெம்பு இருக்காது. ஒப்பந்தத்தின் அபராதப் பிரிவுகள் அமைதிக் காலத்துக்கானவை. நெருக்கடியில் உதவுவது வேறு வகைப் பிரிவுகள்: தேவைப்பட்டால் நாமே உள்ளே நுழைந்து வேலையை எடுத்துக்கொள்ளும் உரிமை, துணை ஒப்பந்தக்காரரிடம் நேரடியாகப் பேசும் உரிமை, மூல நிரலும் கட்டமைப்பு ஆவணங்களும் நம்மிடம் அவ்வப்போது வந்து சேரவேண்டும் என்ற நிபந்தனை. இவற்றை எழுதினால் மட்டும் போதாது, ஒருமுறையாவது பயன்படுத்திப் பார்க்கவேண்டும். ஆவணங்களைக் கேட்டு வாங்கி, நம் ஆட்களால் அவற்றை வைத்து ஒரு சர்வரை எழுப்ப முடிகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு வாரம் போதும்.

அபாயப் பதிவேடு

என்னவெல்லாம் தவறக்கூடும் என்று எழுதிவைக்கும் அபாயப் பதிவேடுகளில், இத்தகைய திட்டங்களில், தவறாமல் ஒரு வரி இருக்கும்: ‘வெண்டர் தாமதப்படுத்தக்கூடும். பாதிப்பு: அதிகம். தணிப்பு: வாராந்திரக் கூட்டம்.’ இதை எழுதியவரும் நம்பவில்லை, படிப்பவரும் நம்பவில்லை. டிஎஸ்பியின் நிகழ்வை வைத்து எழுதினால் அந்த வரி வேறு மாதிரி இருக்கும். இரண்டாவது டேட்டா சென்டரில் சுமைச் சோதனை இன்ன தேதிக்குள் முடியாவிட்டால் கோ-லைவ் நின்றுவிடும், நிறுத்தும் அதிகாரம் இன்னாருக்கு, அவர் திட்ட மேலாளருக்குக் கீழே இல்லை. இப்படி எழுதினால் கூட்டத்தில் சண்டை வரும். வரட்டும், கோ-லைவுக்கு ஆறு மாதம் இருக்கும்போது வரும் சண்டை மலிவானது.

நிறுத்தும் அதிகாரம் உள்ளவருக்கு ஒரு கணக்கும் தேவை. டிஎஸ்பி தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் லாய்ட்ஸுக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்பது தெரிந்த தொகை. விரிதாளில் இருக்கும், நிதி அதிகாரி கூட்டந்தோறும் காட்டுவார். தளம் உடைந்தால் ஆகும் செலவு எந்த விரிதாளிலும் இருக்காது, ஏனென்றால் அதை ஊகிக்கவேண்டும். தெரிந்த தொகையும் தெரியாத தொகையும் ஒரே மேசையில் மோதினால் தெரிந்ததுதான் ஜெயிக்கும். ஆகவே தெரியாததற்கும் ஓர் எண் போட்டுவிடுவது நல்லது, தோராயமாக இருந்தாலும்: ஒரு வாரம் பாதிச் சேவை முடங்கினால் அழைப்பு மையத்துக்கு எத்தனை ஆள், நிவாரணம் எவ்வளவு, போய்விடும் வாடிக்கையாளர்கள் எத்தனை. இந்த எண்ணைத் திட்டம் தொடங்கும்போதே, தேதியின் மீது யாருக்கும் பாசம் பிறப்பதற்கு முன், இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு பதிவுசெய்துவிட்டால், கோ-லைவ் இரவில் புதிதாக எதையும் வாதாடவேண்டியிருக்காது.